காலநிலை மாற்றமும் இறைப் பராமரிப்பும்: இரு அறிக்கைகளைப் பற்றிய ஒரு திறனாய்வு

உலகம் வெப்பமடைந்து வருவதற்கு மனிதச் செயல்கள் காரணமா என்னும் வினாவைக் குறித்து, அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள இவாஞ்செலிக்கல் கிறிஸ்தவர்களிடையே இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இரண்டு அறிக்கைகள் எழுந்தன. 2006ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில் வெளிவந்த முதல் அறிக்கை 'ஆம்' என விடை கூறிற்று. 2009இல் கார்ன்வால் கூட்டமைப்பு என்னும் குழுவினர் வெளியிட்ட மற்றோர் அறிக்கை 'அன்று' என மறுத்தது. இரண்டிலும் கையொப்பமிட்டோர் ஒரே திருமறையை ஒரே வகை அதிகாரமுடையதாக ஏற்பவர்கள். படைப்பையும் வீழ்ச்சியையும் மீட்பையும் ஏறத்தாழ ஒரே சொற்களால் அறிக்கையிடுபவர்கள். அங்ஙனமிருக்க, வெப்பமானி காட்டும் ஓர் அளவைப் பற்றி அவர்கள் எதிரெதிர் அணிகளாகப் பிரிந்தது ஏன்? இவ்வறிக்கைகளை அறிவியல் ஏடுகளாக அன்றி இறையியல் ஏடுகளாகவே படித்தால் இதற்கு விடை கிடைக்கும் என்பது நமது கருத்து. அவ்வாறு படிக்குமிடத்து, இரண்டாம் அறிக்கையின் குறை அறிவியலில் மட்டுமன்று, இறைப் பராமரிப்புக் கோட்பாட்டிலேயே உள்ளது என்பதும், முதல் அறிக்கை சரியான முடிவைப் போதிய ஆழமின்றிச் சொல்லிற்று என்பதும் புலப்படும்.

அறிக்கைகளின் பின்னணி

1967இல் லின் ஒயிட் என்ற வரலாற்றறிஞர் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில், மேலை நாடுகளின் சூழற்கேட்டிற்கு வேர் கிறிஸ்தவத்தின் மனித மைய நோக்கே எனக் குற்றஞ்சாட்டினார். அவர் தாமே பிரஸ்பிட்டீரியன் மரபினர் என்பதையும், அசிசி நகர்ப் பிரான்சிஸைச் சூழலியலாரின் காவலராகக் கொள்ளலாம் எனப் பரிந்துரைத்தே கட்டுரையை முடித்தார் என்பதையும் அவரைக் கண்டித்தோர் பலர் பொருட்படுத்தவில்லை. அக்குற்றச்சாட்டிற்கு மறுமொழியாகவே படைப்பைப் பற்றிய இறையியல் நூல்கள் பல தோன்றின. உலகத் திருச்சபைகள் மன்றம் 1983இல் வான்கூவரில் கூடிய பேரவையில், நீதி, சமாதானம், படைப்பின் முழுமை ஆகிய மூன்றையும் ஒரே அழைப்பாக இணைத்தது. அமெரிக்க இவாஞ்செலிக்கல் தலைவர்கள் இதனை ஐயத்துடனேயே நோக்கினர். இயற்கை வழிபாடு பின்வாசல் வழியே நுழைகிறது என்னும் அச்சம் அவர்களுக்கிருந்தது. அவ்வச்சத்திற்கு முற்றிலும் ஆதாரமில்லை என நாம் கூறமாட்டோம்.

2000ஆம் ஆண்டில் யூதர், கத்தோலிக்கர், சீர்திருத்தத் திருச்சபையினர் ஆகியோர் சேர்ந்து வெளியிட்ட கார்ன்வால் பிரகடனம், சூழல் பற்றிய கவலைகளை இரு வகையாகப் பிரித்தது. ஆதாரமுள்ள கவலைகள் சில. ஆதாரமற்ற அல்லது மிகைப்படுத்தப்பட்ட கவலைகள் சில. மனிதனால் விளையும் புவி வெப்பமடைதல் பற்றிய அச்சம் இரண்டாம் வகையில் வைக்கப்பட்டது. 2002இல் ஆக்ஸ்போர்டு நகரில் வேறொரு கூட்டம் நிகழ்ந்தது. காலநிலை பற்றிய பன்னாட்டு அரசுகளின் ஆய்வுக்குழுவில் அறிவியல் மதிப்பீட்டுப் பிரிவிற்குத் தலைமை தாங்கிய வேல்ஸ் நாட்டு இயற்பியலறிஞர் ஜான் ஹௌட்டன், திருமறையைக் கையில் வைத்துக்கொண்டே அளவுகளை எடுத்துரைத்த கூட்டம் அது. அமெரிக்க இவாஞ்செலிக்கல் தேசியச் சங்கத்தின் அலுவலர் ரிச்சர்ட் சைசிக், அங்கே தமக்கு நேர்ந்ததை ஒரு மனமாற்றமாகவே பின்னர் விவரித்தார். 2006 ஜனவரியில் இருபத்திரண்டு தலைவர்கள், இப்பொருளில் சகோதரரிடையே கருத்தொற்றுமை இல்லையாதலால் நிலைப்பாடு எதனையும் எடுக்கவேண்டாம் எனத் தேசியச் சங்கத்திற்குக் கடிதம் எழுதினர். அடுத்த திங்களிலேயே, ரிக் வாரன் உள்ளிட்ட எண்பத்தாறு பேர் தங்கள் சொந்தப் பொறுப்பில் கையொப்பமிட, முதல் அறிக்கை வெளிவந்தது.

முதல் அறிக்கை

இவ்வறிக்கை நான்கு கூற்றுகளை உடையது. மனிதனால் விளையும் காலநிலை மாற்றம் உண்மையானது; அதன் விளைவுகள் கடுமையானவை, ஏழைகளையே அவை மிகுதியாகத் தாக்கும்; கிறிஸ்தவ அறநெறி நம்மிடம் செயலை வேண்டி நிற்கிறது; காலம் தாழ்த்தலாகாது. இவை நான்கும் மெய் என்பதே நமது நிலை. எனினும் ஏட்டின் அமைப்பைச் சற்றுக் கவனிக்கவேண்டும். முதலிரு கூற்றுகளும் அறிவியலின் பேரில் நிற்கின்றன. மூன்றாம் கூற்றுக்கு வந்த பின்னரே திருமறை வாய் திறக்கிறது. படைத்தவரை நேசித்தல், பிறனை நேசித்தல், பூமிக்கு உக்கிராணக்காரராயிருத்தல் என்னும் மூன்றும் அங்கே சுருக்கமாகச் சொல்லப்படுகின்றன. உண்மை ஓரிடத்தில் கண்டுபிடிக்கப்படுகிறது, கடமை மற்றோரிடத்திலிருந்து வந்து அதனுடன் ஒட்டவைக்கப்படுகிறது. பாவம் என்னும் பொருள் இவ்விரண்டிற்கும் இடையே விழுந்து மறைந்துபோயிற்று.

உக்கிராணக்காரன் என்னும் உருவகத்தை எடுத்துக்கொண்டவர்கள் லூக்கா 16ஆம் அதிகாரத்தை மறந்துவிடக் கூடாது. அங்கே உக்கிராணக்காரன் முதன்முதலில் அறிமுகமாவதே, எஜமானின் ஆஸ்தியை வீணாக்கினான் என்னும் குற்றச்சாட்டுடன்தான். அடுத்து வருவது கணக்கு ஒப்புவிக்கும்படியான கட்டளை. உலக மக்களில் ஏறத்தாழ நான்கு விழுக்காட்டினரே வாழும் அமெரிக்க நாடு, தொழிற்புரட்சிக் காலந்தொட்டு நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததால் எழுந்த கரியமிலவாயு முழுவதிலும் ஏறத்தாழக் காற்பங்கிற்குப் பொறுப்புடையது. அந்நாட்டுத் திருச்சபைத் தலைவர்கள் எழுதிய ஏட்டில் உக்கிராணத்துவம் உண்டு. ஆனால் நான்கு கூற்றுகளில் ஒன்றேனும் பாவ அறிக்கை அன்று. வரவிருக்கும் தீங்கைத் தவிர்க்கும் திட்டமாக அது பேசுகிறது. செய்த தீங்கின் கணக்கு அங்கே திறக்கப்படவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. ஆய்வுக்குழுவின் முடிவுகளை நம்பலாம் என்பதற்கு ஆதரவாக, அதன் அறிவியற் பிரிவிற்குத் தலைமை தாங்கியவர் பக்தியுள்ள இவாஞ்செலிக்கல் கிறிஸ்தவர் என்பதை அறிக்கை எடுத்துக்காட்டுகிறது. ஐயமுற்ற சகோதரரை அமைதிப்படுத்தும் நல்லெண்ணத்தால் இவ்வாறு எழுதினர் என்பது விளங்குகிறது. ஆனால் ஹௌட்டனின் அளவுகள் சரியாயிருப்பதற்கு அவருடைய ஜெபவாழ்க்கை காரணமன்று. இந்த வழியைத் திறந்துவிட்டால், எதிரணியினரும் தங்கள் பக்தியுள்ள அறிஞரை அழைத்து வந்து நிறுத்துவர். அவ்வாறே செய்தனர். அலபாமாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ராய் ஸ்பென்சர் கார்ன்வால் கூட்டமைப்பின் அறிஞராக நின்றார். சாட்சிக்கு எதிர் சாட்சி நின்றபோது, எந்தச் சபையார் யாரை நம்புவது என்பதே வினாவாயிற்று. காற்றில் என்ன நிகழ்கிறது என்பது பின்தள்ளப்பட்டது.

காற்றில் நிகழ்வது

மனிதனே காரணம் என எவ்வாறு அறிகிறோம் என்று கேட்பது நேர்மையான கேள்வி. அதற்குரிய விடை கட்சி சார்ந்ததன்று. அது நெடுங்காலமாகச் சேர்ந்தது. கரியமிலவாயு வெப்பக் கதிர்களைத் தடுத்து நிறுத்துகிறது என்பதை ஜான் டிண்டல் 1859இல் ஆய்வுக்கூடத்தில் அளந்தார். அவ்வாயு இருமடங்கானால் பூமியின் வெப்பம் எவ்வளவு உயரும் என்பதை ஸ்வீடன் நாட்டு அர்ரீனியஸ் 1896இல் கையாலேயே கணக்கிட்டார். அக்காலத்தில் இதனால் ஆதாயமடையக் காத்திருந்த அரசியற் கட்சி எதுவும் இல்லை. 1958இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது, பத்து இலட்சம் பங்கு காற்றில் 315 பங்கு கரியமிலவாயு இருந்தது. தற்போது அது 420ஐக் கடந்துவிட்டது. தென் துருவப் பனிப்பாளங்களில் சிறைப்பட்ட பழங்காற்றுக் குமிழிகள், தொழிற்புரட்சிக்கு முந்திய 8,00,000 ஆண்டுகளில் அது 300ஐத் தாண்டவே இல்லை எனக் காட்டுகின்றன.

இவ்வாயு எரிமலைகளிலிருந்தோ கடலிலிருந்தோ வந்திருக்கலாகாதா? ஹான்ஸ் சூஸ் என்பவர் 1955இலேயே இதற்கு ஒரு சோதனை கண்டார். உயிருள்ள தாவரங்களில் கதிரியக்கமுள்ள கார்பன்–14 சிறிதளவு இருக்கும். அது ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது அறவே இல்லை. அவற்றை எரிக்கும்போது எழும் புகை, காற்றிலுள்ள கார்பன்–14இன் விகிதத்தைக் குறைக்கும். அவ்வாறே குறைந்துள்ளதை மர வளையங்களில் சூஸ் கண்டார். எரிமலைகள் ஆண்டுதோறும் வெளியிடுவது மனிதன் வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. சூரியன் காரணமாயின் வளிமண்டலத்தின் கீழடுக்கும் மேலடுக்கும் ஒருங்கே சூடேற வேண்டும். ஆனால் கீழடுக்கு சூடேற, மேலடுக்கு குளிர்ந்து வந்திருக்கிறது. கீழேயுள்ள போர்வை தடிமனாகும்போது நிகழ வேண்டியது இதுவே. 1967இலேயே மனாபேயும் வெத்தரால்டும் இதனைக் கணக்கிட்டுக் கூறியிருந்தனர். 1978 முதல் செயற்கைக்கோள்களால் அளக்கப்படும் சூரிய ஆற்றலிலும் ஏறுமுகம் காணப்படவில்லை.

பன்னாட்டு ஆய்வுக்குழு இம்முடிவிற்கு எவ்வளவு தயங்கித் தயங்கி வந்தது என்பதும் நோக்கத்தக்கது. 1995இல் மனிதத் தாக்கம் கண்டறியத்தக்க அளவில் இருப்பதாகத் தோன்றுகிறது என்றது. 2007இல் பத்தில் ஒன்பதிற்கும் மேற்பட்ட உறுதி என்றது. 2013இல் நூற்றில் 95 என்றது. 2021இலேதான் ஐயத்திற்கிடமில்லை என்னும் சொல்லைப் பயன்படுத்திற்று. எதிரணியினர் வெகுநாள் சுட்டிக்காட்டிய சான்று, ஸ்பென்சரும் அவருடன் பணியாற்றிய ஜான் கிறிஸ்டியும் தொகுத்த செயற்கைக்கோள் அளவுகளாகும். அவை வளிமண்டலத்தில் வெப்ப உயர்வு இல்லை எனக் காட்டின. செயற்கைக்கோள் சிறிது சிறிதாகத் தாழ்ந்து வருவது கணக்கில் சேர்க்கப்படவில்லை என்பதை 1998இல் வேறு இருவர் எடுத்துக்காட்டினர். நாளின் எந்நேரத்தில் அளக்கப்பட்டது என்னும் திருத்தத்திலும் பிழை இருந்தமை 2005இல் வெளிப்பட்டது. அப்பிழையை ஸ்பென்சரும் கிறிஸ்டியும் ஒப்புக்கொண்டு திருத்தினர். திருத்திய பின்னர் அவர்களது அளவுகளும் வெப்ப உயர்வையே காட்டின. அறிஞர்கள் நடந்துகொள்ள வேண்டிய முறை இதுவே. ஆயினும் நான்கு ஆண்டுகள் கழித்து வெளிவந்த கார்ன்வால் அறிக்கை அண்மைக்கால வெப்ப உயர்வை இயற்கைச் சுழற்சிகளுள் ஒன்று என்றே எழுதிற்று.

இரண்டாம் அறிக்கையின் இறையியல்

அளவுகள் மாறியும் முடிவு மாறவில்லையெனில், முடிவு அளவுகளிலிருந்து பிறக்கவில்லை என்றே கொள்ளவேண்டும். அது எங்கிருந்து பிறந்தது என்பதை அறிக்கையின் முதல் விசுவாசக் கூற்றே தெளிவாக்குகிறது. கடவுளுடைய ஞானத்தாலும் வல்லமையாலும் படைக்கப்பட்டு, அவருடைய பராமரிப்பால் தாங்கப்படும் பூமி உறுதியானது, அதிர்ச்சியைத் தாங்கி மீள்வது, தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்வது, தன்னைத் தானே திருத்திக்கொள்வது என அது கூறுகிறது. காலநிலையும் அதற்கு விலக்கன்று எனவும் சேர்க்கிறது. அதாவது, மேகங்கள் வெப்பத்தைக் கூட்டுமா குறைக்குமா என்னும் ஓர் இயற்பியல் வினா, இறைப் பராமரிப்பு என்னும் கோட்பாட்டைக் கொண்டு விடையளிக்கப்பட்டுவிட்டது. (மேகங்களின் மொத்த விளைவு வெப்பத்தைக் கூட்டுவதே என்று 2021ஆம் ஆண்டின் ஆய்வறிக்கை மதிப்பிட்டது.)

கால்வினின் மரபைப் போற்றுவோர் பலர் கையொப்பமிட்ட ஓர் ஏட்டில் இவ்வாக்கியம் இடம்பெற்றது வியப்பிற்குரியது. தன்னைத் தானே ஒழுங்குபடுத்தித் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் உலகிற்குப் பராமரிக்கும் கடவுள் எதற்கு? கடிகாரத்தைச் செய்து முடுக்கிவிட்டு ஒதுங்கிய கைவினைஞர் ஒருவர் போதும். 'பராமரிப்பு' என்னும் சொல் வாக்கியத்தின் தொடக்கத்தில் நின்றாலும், வாக்கியத்தின் வினைச்சொற்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் டீயிசக் கொள்கைக்கே உரியவை. கால்வின் தமது 'கிறிஸ்தவ சமயப் போதனைகள்' முதல் நூலின் 16ஆம் அதிகாரத்தில் மறுப்பது இத்தகைய கடவுளையே. ஒருமுறை படைத்து ஓய்ந்துபோன கடவுள் என்னும் எண்ணம் குளிர்ந்ததும் மலடானதுமாகும் என்பது அவர் வாதம். அடுத்த அதிகாரத்தில் அவர் இன்னும் கூர்மையாகப் பேசுகிறார். நம் வாழ்நாளின் எல்லையைக் குறித்த கடவுளே, அதனைப் பேணும் பொறுப்பையும் ஆபத்தை முன்னறியும் அறிவையும் நமக்கு அளித்தார். ஆகவே ஆபத்து தெரியும்போது கண்ணை மூடிக்கொண்டு பராமரிப்பின் பெயரைச் சொல்பவன் கடவுளை நம்புகிறவன் அல்லன். அவர் அளித்த வழிவகைகளைத் தள்ளுகிறவன். கால்வினின் இந்த இரண்டு அதிகாரங்களையும் மாணவர்கள் இவ்வறிக்கையோடு அருகருகே வைத்துப் படிப்பது பயன்தரும்.

கரியமிலவாயு தாவரங்களுக்கு உணவாதலால் அதனை மாசு எனலாகாது என்றும் அறிக்கை மறுக்கிறது. தண்ணீரும் உயிருக்கு இன்றியமையாததே. நோவாவின் தலைமுறையை மூடியது அதுவே.

ஆதியாகமம் 8:22

அறிக்கையின் சுருக்கமான வாசகத்தைவிட, அதனைச் சூழ்ந்த வாதங்களில் முதன்மை பெறும் திருமறைப் பகுதி நோவாவிற்கு அருளப்பட்ட வாக்குத்தத்தமாகும். 2009 மார்ச்சுத் திங்களில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு ஒன்றில், இலினாய் மாநில உறுப்பினர் ஜான் ஷிம்கஸ் இப்பகுதியை வாசித்து, பூமியின் முடிவு கடவுளின் கையிலுள்ளது, மனிதனால் அது அழியாது என்றார். 2012இல் ஒக்லஹோமா மாநிலச் செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப் வானொலிப் பேட்டியொன்றில் இதே வசனத்தைச் சுட்டி, கடவுள் நடத்தும் காலநிலையை மனிதர் மாற்ற இயலும் என்றெண்ணுவது அகந்தை என்றார். விதைப்பும் அறுப்பும், சீதளமும் உஷ்ணமும் ஒழிவதில்லை என்னும் பொருளுடைய இவ்வசனம் நமது அறுப்பின் பண்டிகைப் பிரசங்கங்களிலும் கேட்கப்படுவது. ஆதலின் இதனை அமெரிக்க அரசியலாரின் பிழை என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது.

வாக்குத்தத்தத்தின் எழுவாய் யார்? கடவுள். இனித் தாம் இதனைச் செய்வதில்லை எனத் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்கிறார். மனிதன் செய்யக்கூடியது எது, கூடாதது எது என்பது இங்கே பேசப்படவே இல்லை. மாறாக, முந்தின வசனத்தில் மனித இருதயத்தின் நினைவு சிறுவயது முதல் பொல்லாதது என ஒப்புக்கொண்ட பின்னரே வாக்குத்தத்தம் வருகிறது. அடுத்த அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தில், ஒவ்வொரு மனிதனிடமும் அவன் சகோதரனுடைய உயிருக்காகக் கணக்குக் கேட்கப்படும் என்னும் எச்சரிக்கையும் வருகிறது. வெள்ளத்தைத் திரும்ப அனுப்பாத கடவுள், கொலையைத் தடுத்துவிடுவதாக வாக்களிக்கவில்லை.

மேலும், அறுப்பு ஒழியாது என்பதை எந்த ஆண்டும் எந்த நிலத்திலும் அறுப்பு தவறாது எனப் பொருள்கொண்டால், ஆதியாகமமே அதனை மறுக்கும். 12ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் பஞ்சத்தால் எகிப்துக்குப் போகிறான். 26ஆம் அதிகாரத்தில் ஈசாக்கின் நாளிலும் பஞ்சம். 45:6இல் யோசேப்பு தன் சகோதரரிடம், இன்னும் ஐந்து ஆண்டுகள் உழவும் அறுப்பும் இராது எனக் கூறுகிறான். 'அறுப்பு' என்பதற்கு எபிரெய மூலத்தில் இவ்விரண்டு இடங்களிலும் ஒரே சொல்லே உள்ளது: காட்சீர். ஆதியாகமத்தைத் தொகுத்தவர் 8ஆம் அதிகாரத்தை மறந்துவிட்டாரா? இல்லை. அவ்வாக்குத்தத்தத்தை யோசேப்பு நம்பாதவனுமல்லன். நம்பியவன் களஞ்சியங்களைக் கட்டினான்.

இதனைவிட நெருக்கமான பகுதி எரேமியா 5:22 முதல் 25 வரை. கார்ன்வால் அணியினர் இப்பகுதியின் முதல் வசனத்தை எளிதில் தம் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம். கடலுக்கு மணலை எல்லையாக வைத்தவர் கடவுள், அலைகள் மோதினாலும் அதனைக் கடவா என்கிறது அது. ஆனால் தீர்க்கதரிசி அங்கே நிற்கவில்லை. கடல் எல்லைக்குக் கீழ்ப்படிகிறது, இந்த ஜனமோ கீழ்ப்படியவில்லை என்று திரும்புகிறார். முன்மாரியையும் பின்மாரியையும் ஏற்ற காலத்தில் தந்து, அறுப்புக்கு நியமித்த வாரங்களைக் காக்கிறவர் கடவுளே என 24ஆம் வசனம் அறிக்கையிடுகிறது. இது நோவாவின் வாக்குத்தத்தத்தின் எதிரொலியே. அதனை அடுத்த வசனம், உங்கள் அக்கிரமங்களே இவற்றை விலக்கின என்கிறது. அறுப்பின் ஒழுங்கு கடவுளுடையது என்பதையும், மனிதப் பாவம் அதனைக் குலைக்க வல்லது என்பதையும் எரேமியா ஒரே மூச்சில் சொல்கிறார். கார்ன்வால் அறிக்கைக்கு இவ்விரண்டும் ஒன்றையொன்று விலக்குவன. ஓசியா 4:1–3இல் பொய்யும் கொலையும் களவும் பெருகியதால் தேசம் புலம்புகிறது, மிருகங்களும் பறவைகளும் கடலின் மீன்களுங்கூட வாரிக்கொள்ளப்படுகின்றன. மனிதன் மிகச் சிறியவன், அவனால் படைப்பைக் கெடுக்க இயலாது என்னும் தாழ்மையைத் தீர்க்கதரிசிகள் அறியார்கள்.

ஒரு தடையை இங்கே கூறவேண்டும். தீர்க்கதரிசிகளின் சொற்களை அப்படியே பெயர்த்து, வறட்சியால் வாடும் ஊரைப் பார்த்து 'உன் பாவத்தின் பலன்' எனப் பிரசங்கிப்பது கொடுமையாகும். சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்டவர்களைப் பற்றி ஆண்டவர் கூறியது நினைவிலிருக்க வேண்டும். எரேமியாவின் நாளில் பாவம் செய்தவரும் மழையின்றி வாடியவரும் ஒரே ஜனம். இன்றோ இருவரையும் கடல்களும் தலைமுறைகளும் பிரிக்கின்றன. நாம் வெளியிடும் கரியமிலவாயுவில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகளுக்குக் காற்றில் தங்கியிருக்கும். பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றதால் பிள்ளைகளின் பற்கள் கூசின என்னும் பழமொழியை இனிச் சொல்லலாகாது என்று எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் விலக்குகிறது. விலக்கப்பட்ட அப்பழமொழி இங்கே இயற்பியலாகவே நிறைவேறுகிறது. இது நமது பாவக் கோட்பாட்டிற்கு ஒரு புதிய சிக்கல். இரு அறிக்கைகளும் இதனைத் தொடவில்லை. நமது பாடநூல்களும் அதிகம் தொட்டதில்லை.

ஆளுகை என்னும் சொல்

ஆதியாகமம் 1:28இல் நம் தமிழ் வேதாகமம் 'கீழ்ப்படுத்தி' எனப் பெயர்க்கும் காபாஷ் என்னும் வினை கடுமையானது. நெகேமியா 5:5இல், கடனுக்காகப் பிள்ளைகள் அடிமைப்படுத்தப்படுவதைக் குறிக்க இச்சொல்லே வருகிறது. இதனை மென்மையாக்க முயலும் உரையாசிரியர்களோடு நாம் உடன்படவில்லை. ஆனால் 'ஆண்டுகொள்ளுதல்' எனப்படும் ராதா என்னும் வினைக்குத் திருமறையே வரம்பிடுகிறது. லேவியராகமம் 25:43 கொடுமையாய் ஆளுதலைத் தடுக்கிறது. எசேக்கியேல் 34:4 மந்தையைக் கொடூரமாய் ஆண்ட மேய்ப்பரைக் கண்டிக்கிறது. சங்கீதம் 72இல் கடலெல்லை வரை ஆளும் அரசனுக்கு உள்ள தகுதி, எளியவனின் வழக்கை அவன் விசாரிப்பதே. 2:15இல் தோட்டத்தைக் 'காக்க' வைத்தார் என்னுமிடத்து வரும் ஷாமார் என்னும் வினையே, 4:9இல் தான் சகோதரனுக்குக் காவலாளியோ என்று காயீன் கேட்கும்போதும் வருகிறது. தோட்டத்தின் காவலும் சகோதரனின் காவலும் எபிரெய மொழியில் ஒன்றே.

ஏழைகளின் பெயரால்

கார்ன்வால் அறிக்கையில் நாம் மதிக்கவேண்டிய ஒரு வாதம் உண்டு. மலிவான எரியாற்றல் இன்றி ஏழை நாடுகள் வறுமையினின்று மீளா, அதனை விலையேற்றும் கொள்கைகள் ஏழைகளையே நசுக்கும் என்பது அது. விறகடுப்பின் புகையில் இருமிக்கொண்டே சமைக்கும் பெண்ணுக்கு எரிவாயு உருளை ஒரு மீட்பே. இதனை முதல் அறிக்கையினர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

ஆனால் இவ்வாதத்திற்கு நேர்மையான வடிவத்தை 1991இலேயே நம் நாட்டவர் இருவர் கொடுத்துவிட்டனர். தில்லியிலுள்ள அறிவியல், சுற்றுச்சூழல் மையத்தைச் சார்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதிய 'சமமற்ற உலகில் புவி வெப்பமடைதல்' என்னும் சிறு நூல், வாஷிங்டன் நகர ஆய்வு நிறுவனம் ஒன்றின் கணக்கைக் கண்டித்தது. ஏழை உழவனின் நெல்வயலிலிருந்தும் மாட்டிடமிருந்தும் எழும் மீத்தேனையும், செல்வனின் மோட்டார் வண்டிப் புகையையும் அக்கணக்கு ஒரே தராசில் நிறுத்திற்று. பிழைப்பதற்கான புகை வேறு, இன்பத்திற்கான புகை வேறு என்பது அவர்கள் வாதம். அமெரிக்கர் ஒருவர் ஆண்டொன்றுக்கு வெளியிடும் கரியமிலவாயு ஏறத்தாழ 14 டன். இந்தியர் ஒருவருக்கு ஏறத்தாழ 2 டன். கார்ன்வால் அறிக்கை இரண்டாமவரின் தேவையைக் காட்டி முதலாமவரின் பழக்கத்திற்குப் பாதுகாப்புத் தேடுகிறது. ஏழைகளை முன்னிறுத்தி அவர்களுக்குப் பின்னே ஒளிந்துகொள்ளும் இம்முறை திருச்சபை வரலாற்றில் புதியதன்று; வியாபாரிகள் அடிமை முறைக்கும் இவ்வாறே வாதாடினர். மாற்று எரியாற்றல்கள் கட்டுப்படியாகா என அறிக்கை எழுதிய 2009ஆம் ஆண்டிற்குப் பின் நிகழ்ந்ததும் அதற்குச் சாதகமாக இல்லை. 2010 முதல் 2019 வரை சூரிய மின்சாரத்தின் செலவு ஏறத்தாழ 85 விழுக்காடு குறைந்தது.

எனினும் வாதங்களால் மட்டும் மனங்கள் மாறுவதில்லை. பியூ ஆய்வு மையம் 2022இல் வெளியிட்ட கணிப்பின்படி, மனிதச் செயலே வெப்ப உயர்விற்கு முதற்காரணம் என ஏற்ற அமெரிக்கர் பாதிக்குச் சற்று மேல்; இவாஞ்செலிக்கல் சபையினரிடையே அவ்வாறு ஏற்றவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே.

ஒரே வாக்குத்தத்தம், இரு வாய்கள்

பசிபிக் பெருங்கடலிலுள்ள துவாலு நாட்டின் நிலம் எங்கும் கடல்மட்டத்திற்கு 5 மீட்டருக்கும் குறைவான உயரமே உடையது. மக்கள் ஏறத்தாழ 11,000 பேர். 1861இல் குக் தீவைச் சார்ந்த எலெக்கானா என்னும் உதவிக்காரர் தோணியில் திசைமாறி அங்கே ஒதுங்கியதிலிருந்து நற்செய்தி பரவிற்று. பின்னர் அங்கே பணிபுரிந்தது இலண்டன் மிஷனரி சங்கம். தென் திருவிதாங்கூரில் நம் முன்னோரிடம் வந்த அதே சங்கமே. அந்நாட்டு முதியோர் சிலர், கடல் தங்கள் வீடுகளை மூடாது, ஏனெனில் கடவுள் நோவாவிற்கு வானவில்லைக் காட்டினார் என்று கூறிவருவதை அங்குச் சென்ற ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

வாஷிங்டன் துணைக்குழுவில் வாசிக்கப்பட்ட அதே பகுதி இது. சொற்களில் வேறுபாடில்லை. ஆனால் ஒன்று, தன் வீட்டு வாசற்படியில் உப்புநீரைக் காண்பவன் கடவுளைப் பார்த்துச் சொல்வது. சங்கீதக்காரர் உடன்படிக்கையை நினைவூட்டி முறையிடுவதைப் போன்றது. மற்றொன்று, புகைபோக்கியின் சொந்தக்காரன் சட்டமன்றத்தைப் பார்த்துச் சொல்வது. முதலாமவனிடம் அவ்வாக்குத்தத்தத்தைப் பறிக்க எந்தப் போதகருக்கும் மனம் வராது. ஆயினும் துவாலுத் திருச்சபையின் போதகர்கள் எளிய வழியைத் தெரிந்துகொள்ளவில்லை. நோவாவிற்கு அளித்த வாக்கைக் கடவுள் மீறவில்லை, இந்த வெள்ளம் அவரால் வந்ததன்று, மனிதரால் வந்தது என்று அவர்கள் தங்கள் சபைகளுக்குப் போதித்து வருகின்றனர். இறைப் பராமரிப்பையும் மனிதப் பொறுப்பையும் ஒருங்கே காக்கும் இவ்விளக்கத்தை நாம் மேற்கண்ட இரு ஏடுகளிலும் காணவில்லை.

2023 நவம்பரில் துவாலுவும் ஆஸ்திரேலியாவும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. ஆண்டுக்கு 280 துவாலுவர் ஆஸ்திரேலியாவில் குடியேற அது வழிசெய்கிறது; 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. பசிபிக் திருச்சபைகளோ அதற்கு நெடுநாள் முன்னரே பேசிவிட்டன. 2004 மார்ச்சில் கிரிபாட்டி நாட்டின் தராவாத் தீவில் கூடி, 'ஓட்டின் தாய்', அதாவது சூரியோதயம் என்னும் பெயருடைய அறிக்கையை வெளியிட்டு, தொழில்வள நாடுகளின் திருச்சபைகளைத் தங்களோடு நிற்க அழைத்தன. கார்ன்வால் கூட்டமைப்பினர் தங்கள் மறுப்பை எழுத அமர்ந்தபோது அந்த அழைப்புக்கு ஐந்து வயதாகியிருந்தது.